நூற்றுப்பத்தில் நிறுத்துபவர்

ஜூன் 11, செவ்வாய்

மாமா செத்துப்போக வேண்டும் என்று எழுதிப் பார்க்கிறேன். எழுதினால் பயம் குறையுமா என்று பார்க்கத்தான். குறையவில்லை. பக்கத்து அறையில் அம்மா புரண்டு படுத்தால்கூட நோட்டைத் தலையணைக்கு அடியில் தள்ளிவிடுகிறேன்.

பள்ளி திறந்துவிட்டது. பதினொன்றாம் வகுப்பில் மாமாதான் வந்து சேர்த்துவிட்டார். "பாவம்ங்க, அப்பன் உள்ள இருக்கான்" என்று தலைமையாசிரியையிடம் சொன்னார். சொல்லும்போது என் தலையில் கை வைத்திருந்தார். வீட்டுக்கு வந்ததும் தலைக்கு ஊற்றிக்கொண்டேன்.

அப்பா மாமாவின் லாரியை ஓட்டினார். பதினாறு சக்கர லாரி. கிருஷ்ணகிரி பக்கத்துக் குவாரியில் கிரானைட் பாறை ஏற்றித் தூத்துக்குடித் துறைமுகத்தில் இறக்குவார். மே மாதம் தொப்பூர் கணவாய் இறக்கத்தில் லாரி நிற்காமல் போய் ஒரு காரை நசுக்கியது. காரில் இருந்த கணவன், மனைவி இருவரும் இறந்துவிட்டார்கள். அப்பாவுக்குத் தோள் எலும்பு முறிந்தது. இப்போது சேலம் சிறையில் இருக்கிறார்.

போலீஸில் மாமா சொன்னது இதுதான்: "டீசல் மிச்சம் புடிக்கறதுக்குச் சென்னியப்பன் நியூட்ரல்ல உட்டுட்டானுங்க." சில டிரைவர்கள் அப்படிச் செய்வது உண்மை. இறக்கத்தில் கியரை எடுத்துவிட்டால் லாரி தானாக உருளும், டீசல் குறைவாகக் குடிக்கும். ஆனால் கியர் இல்லாத லாரியை இன்ஜின் பிடித்து வைக்காது. மொத்தப் பாரமும் பிரேக்கின் மேல் விழும். பிரேக் எரிந்துபோகும். அப்பா தெரிந்தே அப்படிச் செய்தார் என்று மாமா சொன்னதால்தான் பெரிய பிரிவில் வழக்கு. அதனால்தான் ஜாமீனும் இல்லை.

மாமா என்றால் ராக்கியண்ணன், அம்மாவின் கூடப்பிறந்த அண்ணன். சங்ககிரியில் அவருடைய லாரி ஷெட்டுக்குப் பின்னால் இரண்டு அறைகளில்தான் நாங்கள் குடியிருக்கிறோம். அம்மா அவர் வீட்டில் சமைக்கிறாள். நான் பாத்திரம் கழுவுகிறேன். அவர் தட்டைக் கடைசியாகக் கழுவுவேன்.

ஜூன் 13, வியாழன்

பஸ்ஸில் நான் ஏறியதும் பின் சீட்டிலிருந்து ஒருவன் கத்தினான்: "டேய், நியூட்ரல் வருது, வழி உடுங்கடா. பிரேக் புடிக்காது!" எல்லோரும் சிரித்தார்கள். கண்டக்டரும் சிரித்தார்.

அவர்கள் முகங்களை நினைவில் வைத்திருக்கிறேன். ஆனால் அவர்கள் முறை அப்புறம். முதலில் மாமா.

ஜூன் 15, சனி

சிறையில் அப்பாவைப் பார்த்தோம். இரண்டு கம்பி வலைகளுக்கு அந்தப் பக்கம் நின்றார். எல்லோரும் ஒரே நேரத்தில் பேசுவதால் கத்தித்தான் பேச வேண்டும். அப்பாவுக்குக் கத்த வராது.

அம்மா அழுது முடிக்கும்வரை காத்திருந்து நான் கேட்டேன். "நியூட்ரல்ல உட்டீங்களாப்பா?"

"ஏஞ்சாமி, நீயுமா?" என்றார். "மூணாவது கியர்லதான் எறக்குனேன். பாதி எறக்கத்துல லீவர் தானா வெளிய வந்துருச்சு. மறுக்காப் போட்டா ஏறவே மாட்டீங்குது. உள்ள கரகரன்னு அரைக்குது. அப்பறம் பிரேக் ஒண்ணுதான? அது எத்தன நேரம் தாங்கும்?"

"பஸ்ஸர் கத்தலையா?"

அப்பா யோசித்தார். "கத்தலயே கண்ணு. மீட்டர் முள்ளும் ஏறல, குளுந்துதான் இருக்குதுன்னு நெனச்சேன். கத்தியிருந்தா நான் மேலயே ஓரங்கட்டியிருப்பேனே."

பஸ்ஸர் எனக்குத் தெரியும். லீவுகளில் அப்பாவுடன் லாரியில் போயிருக்கிறேன். கியர்பாக்ஸில் ஒரு சென்சார் திருகி, அதிலிருந்து ஒயர் இழுத்து, ஸ்டீயரிங்குக்குக் கீழே ஒரு மீட்டர் பொருத்தியிருந்தார். கியர் ஆயில் எவ்வளவு சூடாக இருக்கிறது என்று அது காட்டும். தொண்ணூறு வரைக்கும் அப்பா பாட்டுப் போட்டுக்கொண்டு ஓட்டுவார். நூறு வந்தால் பாட்டை நிறுத்திவிடுவார். பிறகு ஒரு கியர் குறைத்து மெதுவாக ஏற்றுவார். நூற்றுப்பத்தில் பஸ்ஸர் கத்தும். கத்திவிட்டால் எந்த இடமானாலும் ஓரம்கட்டி, தொண்ணூறுக்குக் கீழே இறங்கும்வரை டீ குடிப்பார். நூற்றிருபதைத் தாண்டினால் ஆயில் தண்ணீராகிவிடும், பேரிங் தேய்ந்து கியர் பிடிப்பு விட்டுப்போகும் என்பார். மாமா போனில் திட்டுவார்: "டீ குடிக்கவா லாரி வாங்கியிருக்கறேன்? கப்பலு உனக்காக நிக்குமாடா?"

வெளியே வரும்போது அப்பா சொன்னார்: "மாமங்கிட்ட எதையும் கேட்டுறாத. அவரு வீட்டுச் சோறு. உன்ற படிப்பும் அவரு தயவு."

நான் தலையாட்டினேன். அப்பாவிடம் சொன்ன முதல் பொய் அதுவாக இருக்கலாம்.

ஜூன் 16, ஞாயிறு

லாரி போலீஸ் ஸ்டேஷனிலிருந்து வந்து ஒரு வாரமாக ஷெட்டில் நிற்கிறது. மோட்டார் வாகன ஆய்வாளர் பிரேக்கை மட்டும் பார்த்தார். எரிந்திருக்கிறது என்று எழுதிக்கொண்டு போய்விட்டார். கியர்பாக்ஸை யாரும் திறக்கவில்லை.

மத்தியானம் மாமா தூங்கும்போது லாரிக்கு அடியில் நுழைந்தேன். சென்சார் இருந்தது. ஒயர் இருந்தது. நடுவில் சுத்தமாக வெட்டி, இரண்டு முனையையும் மடித்து டேப் சுற்றியிருந்தது. விபத்தில் அறுந்த ஒயருக்கு யாரும் டேப் சுற்ற மாட்டார்கள்.

வெளியே வந்தபோது மெக்கானிக் ரஷீத் பாய் நின்றுகொண்டிருந்தார். மாமாவிடம் வெகுகாலமாக வேலை பார்ப்பவர்.

"ஒயர வெட்டுனது யாரு பாய்?"

"வெட்டச் சொன்னா வெட்டுவேன். ஒட்டச் சொன்னா ஒட்டுவேன். அவ்வளவுதான் நம்ம சோலி."

"யாரு சொன்னது?"

"போ பாப்பா. துணியெல்லாம் ஆயிலு ஆவுது." என் முகத்தைப் பார்க்காமல் ஸ்பேனரைத் துடைத்தார். பிறகு தானாகவே சொன்னார்: "அப்பாக்கிட்ட நீங்களே ஒரு வார்த்த சொல்லிருங்க மொதலாளின்னு சொன்னேன் பாப்பா. சொல்றேன்னுதான் சொன்னாரு."

ஜூன் 17, திங்கள்

பக்ரீத் விடுமுறை. ரஷீத் பாய் வீட்டிலிருந்து பிரியாணி வந்தது. நான் தொடவில்லை. அப்புறம் தொட்டேன்.

ஜூன் 20, வியாழன்

இன்று கியர்பாக்ஸைத் திறந்தார்கள். பள்ளியிலிருந்து வந்தவள் டீ கொண்டுபோய்க் கொடுக்கிற சாக்கில் பார்த்தேன். பேரிங் கருகியிருந்தது. கியர் ஏறும் இரும்புத் தண்டு, மயில் கழுத்து மாதிரி நீலமாக மாறியிருந்தது.

"இது சூட்டுல வந்த நெறம் மொதலாளி. ஆயில் வேலையே செய்யல. ரொம்ப தூரமா இப்படியே வந்திருக்கு."

"வந்தா வரட்டும். பேரிங்க மட்டும் மாத்திப் போடு."

"தண்டு?"

"அதுக்கென்ன, நல்லாத்தான இருக்குது. நெறத்தப் பாத்துட்டுப் பொண்ணா கட்டப்போற?"

ரஷீத் பாய் சிரிக்கவில்லை. மாமா டீயை எடுத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "என்ன புள்ள, இங்கயே நிக்கற? அங்க உங்கம்மா தேடுவா போ."

அவருக்குத் தெரியும். முழுவதும் தெரியும். அதுவரை ஏதோ ஒரு மூலையில், அவருக்குத் தெரியாமல் நடந்திருக்குமோ என்று எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. இனி இல்லை.

ஜூன் 22, சனி

லாரியை எடுக்க டிரைவர் யாரும் வரவில்லை. உயிர் வாங்கிய வண்டியின் ஸ்டீயரிங்கை முதலில் முதலாளிதான் தொட வேண்டும் என்பது இங்கே வழக்கம். அதே லோடு, அதே ரோடு. இறங்கி முடித்ததும் கணவாய் அடிவாரத்து முனியப்பனுக்குச் சேவல் அறுத்து, அந்தக் கையோடு சாவியைக் கொடுத்தால்தான் அடுத்த டிரைவர் வாங்குவார். மற்ற டிரைவர்கள் பின்னாலேயே வேனில் வந்து கண்ணால் பார்ப்பார்கள்.

மூத்த டிரைவர் அத்தியப்பன் வந்து சொல்லிவிட்டுப் போனார். "நீங்க எறக்கிக் காட்டுங்கண்ணா. அங்கயே நான் சாவி வாங்கிக்கறேன்."

மாமா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார். "எத்தன வருசம் நானே ஓட்டியிருக்கறேன். எனக்கென்ன பயமா?"

அடுத்த ஞாயிறு, முப்பதாம் தேதி.

மாமா ஓட்டப்போகிறார். அதே கியர்பாக்ஸ். அதே இறக்கம்.

ஜூன் 26, புதன்

சோப்பு போட்டுக் கழுவினேன். அரிசி மாவு தேய்த்தேன். எலுமிச்சம்பழம் தேய்த்தேன். கியர் ஆயில் நாற்றம் போகவில்லை.

"என்னடி கையில கந்தக நாத்தம்?" என்று அம்மா கேட்டாள். கெமிஸ்ட்ரி லேப் என்றேன்.

ஜூன் 27, வியாழன்

பள்ளியில் எதுவும் காதில் ஏறவில்லை. மாமா மூன்றாவது கியரில் இறங்குகிறார். லீவர் வெளியே வருகிறது. அவர் முகத்தைப் பார்க்கிறேன். மறுபடி மறுபடி அந்த முகத்தைப் பார்த்தேன். நன்றாக இருந்தது.

நாலாவது பீரியடில், மனதில் ஓடிய அந்தப் படத்தில் ஒரு கார் வந்துவிட்டது. லாரிக்கு முன்னால் போகிறது. உள்ளே யாரென்று தெரியவில்லை. அவர்களுக்கு மாமா யார் என்றே தெரியாது. ஒயர் யார் வெட்டினார், ஆயில் யார் திறந்துவிட்டார் என்பதும் தெரியாது. எவ்வளவு முயன்றும் அந்தக் காரைப் படத்திலிருந்து எடுக்க முடியவில்லை.

சாயங்காலம் நேராக ரஷீத் பாயிடம் போனேன். "கியர் ஆயில் கொறஞ்சிருக்குது பாய். பாருங்க."

அவர் அடியில் போய்ப் பார்த்தார். வெகுநேரம் வெளியே வரவில்லை. வந்ததும் கேனை எடுத்து, சரியான அளவுக்கு ஊற்றி, திருகை இறுக்கி முடுக்கினார். கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: "அப்பா வெளிய வந்தா, மக எங்கன்னு கேட்டா நான் என்ன சொல்லுவேன்?"

நான் அழவில்லை. "அப்ப ஒயர ஒட்டிக் குடுங்க" என்றேன்.

ஜூன் 28, வெள்ளி

ஒயர் ஒட்டியாயிற்று. மீட்டர் கண்ணாடி விபத்தில் உடைந்து முள்ளும் ஒடிந்துவிட்டதால் எண் எதுவும் தெரியாது. பஸ்ஸர் மட்டும் வேலை செய்யும். மாமா கேட்டதற்கு, "அது இருக்கட்டும் மொதலாளி. கேஸ் நடக்குதுல்ல, யாராவது வந்து பாத்தா கேப்பாங்க" என்று ரஷீத் பாய் சொன்னார். மாமா சரி என்றார். கேஸ் என்றால் மாமா எதற்கும் சரி என்பார்.

பஸ்ஸரின் பின்னால் ஒரு சின்னத் திருகு இருக்கிறது. எந்தச் சூட்டில் கத்த வேண்டும் என்பதை, சுற்றிப் பொறித்த எண்ணைப் பார்த்து அதில் வைக்கலாம். அப்பா நூற்றுப்பத்தில் வைத்திருந்தார். நான் காம்பஸ் முனையால் எழுபதில் வைத்தேன்.

எழுபது ஒன்றுமே இல்லை. பாரம் ஏற்றிய லாரி நாலு மேடு ஏறினால் எழுபது வந்துவிடும். பிறகு தூத்துக்குடி வரை எழுபதுக்குக் கீழே இறங்கவே இறங்காது.

மாமாவின் உயிருக்கு ஒன்றும் வராது. அதை மட்டும் பலமுறை சரிபார்த்துக்கொண்டேன்.

ஜூன் 30, ஞாயிறு

முழுவதும் எழுதுகிறேன். கை ஓடுகிற வரைக்கும்.

குவாரியில் பாறை ஏற்றி, சக்கரங்களுக்கு எலுமிச்சம்பழம் வைத்து, மாமா லாரியை எடுத்தார். பின்னால் வேனில் டிரைவர்கள், ரஷீத் பாய், அம்மா, நான். பொங்கல் வைக்கிற பானையும் சேவலும் எங்கள் காலடியில். சேவல் வழி முழுவதும் என் பாவாடையைக் கொத்திக்கொண்டு வந்தது.

குவாரி மேடு ஏறி முடிக்கும் முன்பே லாரி ஓரம் கட்டியது. மாமா இறங்கி வந்தார். சட்டை முதுகில் ஒட்டியிருந்தது.

"பாய், கத்துது."

ரஷீத் பாய் அடியில் கையை நீட்டி, உடனே இழுத்துக்கொண்டார். "கை வெக்க முடியல மொதலாளி."

அது உண்மைதான். எழுபதிலும் கை வைக்க முடியாது, நூற்றிருபதிலும் வைக்க முடியாது. தண்ணீர் தெளித்துப் பார்த்தால் தெரிந்திருக்கும். நூறைத் தாண்டிய இரும்பில்தான் சொட்டு சுருசுருவென்று பொங்கும். தண்ணீர் பாட்டில் ரஷீத் பாயின் கையிலேயே இருந்தது. அவர் அதைக் குடித்தார்.

ஆறவைத்துக் கிளம்பினோம். தர்மபுரிக்கு முன்னால் மறுபடியும் நின்றது. தாண்டியதும் மறுபடியும். வேனில் ஆரம்பத்தில் கிண்டல் செய்தார்கள். "அண்ணனுக்கு டீ ஆசை வந்துருச்சாட்ட இருக்குது." "சென்னியப்பன் நூத்திப்பத்துக்குத்தான் நிறுத்துவான். இவரு ஊருக்கு ஊரு நிறுத்தறாரு." பிறகு கிண்டலும் நின்றுவிட்டது. அத்தியப்பன் மாமா நின்ற ஒவ்வொரு இடத்திலும் வேன் கண்ணாடி வழியாக அவரையே பார்த்துக்கொண்டு வந்தார்.

கணவாயின் மேல், இறக்கம் தொடங்குகிற இடத்தில் லாரி நின்றது. இந்த முறை மாமா இன்ஜினை நிறுத்திவிட்டுச் சாவியோடு இறங்கினார்.

"என்னுங்கண்ணா?" என்றார் அத்தியப்பன்.

"கத்திக்கிட்டே இருக்குது. இதுக்கு மேல எறக்க முடியாது."

"பஸ்ஸர்தான. கத்துனாக் கத்தட்டும். கீழ முனியப்பன் காத்திருக்கறாரு. மூணாவதுல போட்டுப் புடிச்சு எறக்குங்க."

"உனக்கென்னடா, நீ சொல்லிப்போடுவே!" மாமா கத்தினார். "இந்தச் சூட்டுல எறக்குனா கியர் தானா வெளிய வந்துரும். மறுக்கா ஏறாது. பிரேக் தாங்குமா? கல்லு எத்தன டன்னு தெரியுமா? என்னக் கொல்லப் பாக்கறீங்களா?"

லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டு எங்களைத் தாண்டிப் போயின.

பிறகு அத்தியப்பன் கேட்டார். சத்தமே போடாமல்தான் கேட்டார். "சூடு ஏறுனா கியர் தானா வெளிய வரும்னு உங்களுக்குத் தெரியுமாண்ணா?"

மாமா சாவியைச் சட்டைப்பைக்குள் போட்டார்.

"அப்பச் சென்னியப்பனுக்கு?"

"அன்னிக்குப் பஸ்ஸர் கத்தியிருக்காது" என்றார் ரஷீத் பாய். எல்லோரும் அவர் பக்கம் திரும்பினார்கள். "ஒயர நாந்தான் வெட்டுனேன். மொதலாளி சொன்னாரு, வெட்டுனேன். எங்க கேட்டாலும் சொல்றேன். தண்டு இன்னும் உள்ளதான் இருக்குது. நீலமா. யாரு வேணும்னாலும் தொறந்து பாக்கலாம்."

அம்மா வேனிலிருந்து இறங்கினாள். நேராக மாமாவிடம் போனாள். அடிப்பாள் என்று நினைத்தேன். "அண்ணா" என்று மட்டும் சொன்னாள். அவள் அடித்திருந்தால்கூட மாமா அப்படிக் குனிந்திருக்க மாட்டார்.

நான் வேனுக்குள்ளேயே இருந்தேன். இந்த நாளுக்காக எத்தனையோ வசனம் தயார் செய்து வைத்திருந்தேன். ஒன்றும் தேவைப்படவில்லை. சிரிப்பு வந்தது. சேவலைப் பிடித்து அமுக்கிக்கொண்டு சிரித்தேன். அது கத்தியது.

ஜூலை 3, புதன்

அத்தியப்பனும் ரஷீத் பாயும் வக்கீலிடம் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். கியர்பாக்ஸை ஆய்வாளர் முன்னிலையில் திறக்கச் சொல்லி மனு போட்டிருக்கிறது. பிரிவு மாறினால் அப்பாவுக்கு ஜாமீன் கிடைத்துவிடும் என்கிறார் வக்கீல்.

அப்பாவிடம் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். பெருமைப்படுவார் என்று நினைத்தேன். ஆயில் விஷயத்தை மட்டும் விட்டுவிட்டேன். எழுபது என்றதும் அவர் முகம் மாறிவிட்டது.

"பொய்க்குக் கத்தற பஸ்ஸர வெச்சியா?"

"மாமாவுக்காகத்தாம்பா."

"நாளைக்கு வேற ஒருத்தன் அந்த வண்டியில ஏறுவான். எந்நேரமும் கத்துனா என்ன பண்ணுவான்? எரிச்சல்ல புடுங்கி எறிவான். உங்க மாமன் வெட்டுனதுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்?" முதல் தடவையாக அப்பா கத்திப் பேசினார். "மொதல்ல போயி நூத்திப்பத்துல வெய்யி. அப்பறம் எங்கிட்டப் பேசு."

பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அழுதேன். அம்மா ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள்.

ஜூலை 4, வியாழன்

பள்ளி விட்டதும் ஷெட்டுக்குப் போனேன். யாரும் வேலைக்கு வரவில்லை. கல்லை வேறு வண்டிக்கு மாற்றி, கணவாயிலிருந்து கட்டி இழுத்து வந்த லாரி திறந்திருந்தது. ஏறிய பிறகுதான் பார்த்தேன், டிரைவர் சீட்டில் மாமா உட்கார்ந்திருந்தார். சவரம் செய்யாத முகம். குதித்து ஓடியிருப்பேன். கால் வரவில்லை.

அவர் என் கையில் இருந்த காம்பஸைப் பார்த்தார். பிறகு பஸ்ஸரைப் பார்த்தார்.

"நீதானா?"

"ஆமாங்க மாமா."

"எதுல வெச்ச?"

"எழுபதுல."

அவர் ஏதோ சத்தம் எழுப்பினார். சிரிப்பா என்று தெரியவில்லை. "எழுபதுக்கு ஒண்ணுமே ஆகாது. தெரியுமா உனக்கு?"

"தெரியும் மாமா."

"தெரிஞ்சுமா என்னை நடுரோட்டுல நிக்க வெச்ச?"

"எதுக்குப் பயப்படோணும்னு உங்களுக்குத் தெரியும்னு எல்லாரும் பாக்கோணும். அதுக்குத்தான்."

அறைவார் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அறை விழவில்லை. திறந்தபோது அவர் கால்கள் இரண்டையும் ஒரு பக்கமாக ஒதுக்கிக்கொண்டிருந்தார், நான் குனிந்து திருகை எட்டுவதற்காக.

காம்பஸ் இரண்டு முறை வழுக்கியது. மாமா டார்ச் அடித்துப் பிடித்தார். எனக்குப் பாவமாக இல்லை. இல்லவே இல்லை. நூற்றுப்பத்தில் வைத்துவிட்டு இறங்கி வந்தேன்.